பெட்டியில் வந்த கார்

போன மாதம் அக்கா மகனுக்குச் சிங்கப்பூரின் தெங்கா வட்டாரத்தில் புது வீட்டுச் சாவி கிடைத்தது. முதல் வேலையாக ஓர் அலமாரி வாங்கினான். வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது மூன்று தட்டையான அட்டைப்பெட்டிகள். நானும் அவனும் தரையில் உட்கார்ந்து, படம் பார்த்துப் பார்த்து ஸ்குரூ முடுக்கினோம். இரவு பதினொரு மணிக்கு அலமாரி எழுந்து நின்றது. ஒரு கீலுக்கு மட்டும் ஸ்குரூ இல்லை. கடைக்காரர்கள் போட மறந்தார்களா, நாங்கள் தொலைத்தோமா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

அப்போது அவன் விளையாட்டாக ஒரு கேள்வி கேட்டான். "மாமா, இந்த அலமாரியைச் செஞ்சது அவங்களா, நாமளா?"

கார் விஷயத்தில் இதே கேள்வியைத்தான் உலகத்திலுள்ள சுங்கத்துறைகள் நூறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. சிங்கப்பூருக்கும் ஒரு காலத்தில் கார்கள் இப்படிப் பெட்டியில்தான் வந்தன. அமெரிக்க ஃபோர்டு கம்பெனி 1926-இல் இங்கே கடை விரித்து, 1980 வரை பாகங்களைச் சேர்த்து வண்டி பூட்டியது. நடுவில் ஒரு போரும் வந்து போனது. அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு போனால், கார் தொழிலில் 'சிகேடி' என்று சொல்லப்படும் விஷயம் சுலபமாகப் புரிந்துவிடும்.

மூன்று எழுத்து, மூன்று நிலை

ஒரு கம்பெனி தன் காரை வெளிநாட்டில் விற்க நினைத்தால் மூன்று வழிகளில் அனுப்பலாம். முழுதாகப் பூட்டி, பெட்ரோல் ஊற்றினால் ஓடும் நிலையில் அனுப்புவது ஒன்று. இதை சிபியு என்பார்கள். 'கம்ப்ளீட்லி பில்ட் அப்' என்பதன் சுருக்கம். இன்று சிங்கப்பூர்ச் சாலையில் பார்க்கும் கார்களில் ஏறக்குறைய எல்லாமே இப்படி வந்தவைதான்.

இரண்டாவது, அரைகுறையாகக் கழற்றி அனுப்புவது. பாடி பெயின்ட் அடித்துத் தயாராக இருக்கும். எஞ்சின், சக்கரம், சீட் ஆகியவை தனியாக வரும். போய்ச் சேர்ந்த ஊரில் மாட்டிக்கொள்ள வேண்டும். இது எஸ்கேடி, அதாவது 'செமி நாக்ட் டவுன்'.

மூன்றாவதுதான் நம் அலமாரி. தகடுகளாக, கம்பிகளாக, கண்ணாடிகளாக, பை பையாக நட்டு போல்ட்டாக அனுப்புவது. 'கம்ப்ளீட்லி நாக்ட் டவுன்', சுருக்கமாக சிகேடி. இதில் பாடியைக்கூட அங்கேயேதான் வெல்டிங் செய்ய வேண்டும். கதவுத் தகடு, கூரைத் தகடு, தரைத் தகடு ஆகியவற்றை ஜிக் என்ற இரும்புச் சட்டத்துக்குள் பொருத்திப் பிடித்துக்கொண்டு ஒட்ட வேண்டும். அப்புறம் துருப்பிடிக்காமல் முதல் பூச்சு, பிறகு வண்ணம், பிறகு ஒயர், கண்ணாடி, சீட். கடைசியில் எஞ்சினும் அச்சும் கீழிருந்து மேலே ஏறிப் பாடியோடு சேரும். தொழிற்சாலைக்காரர்கள் அந்தக் கட்டத்தை 'கல்யாணம்' என்றே சொல்வார்கள். சும்மா பேச்சுக்கு இல்லை, ஆங்கிலத்திலும் அதற்கு அதுதான் பெயர்.

ஆகவே, சிகேடி என்றால் ஏதோ பொம்மை வேலை என்று நினைத்துவிட வேண்டாம். எஞ்சின் வார்ப்பதும் தகடு அழுத்துவதும் தவிர, ஒரு கார் தொழிற்சாலையில் நடக்கும் வேலையில் பாதிக்கு மேல் பூட்டும் ஊரில்தான் நடக்கிறது.

சரி, எதற்கு இந்தச் சிரமம்? ஒழுங்காக ஒரே இடத்தில் பூட்டி அனுப்பினால் என்ன?

காற்றுக்குக் கப்பல் கூலி

ஒரு காரை உற்றுப் பார்த்தால் அதில் பெரும்பகுதி காற்று. ஆள் உட்காரும் இடம், கால் நீட்டும் இடம், பின்னால் மூட்டை வைக்கும் இடம், எஞ்சினைச் சுற்றியுள்ள இடம் எல்லாமே வெற்றிடம். கப்பல்காரர் இடத்துக்குத்தான் காசு வாங்குகிறார். முழுக் காரை ஏற்றினால், அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூர் வரை அந்தக் காற்றுக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டும். கழற்றி அடுக்கினால் அதே இடத்தில் பல வண்டிகள் அடங்கும்.

அந்தக் காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. இப்போது இருப்பதுபோல் கார்கள் தாமாகவே ஓடி ஏறி இறங்கும் கப்பல்கள் 1920களில் கிடையாது. பாரந்தூக்கியில் கட்டித் தூக்கித்தான் இறக்க வேண்டும். கண்ணாடி உடையும், பெயின்ட் கீறும், கடல் காற்றில் துரு ஏறும். மரப்பெட்டிக்குள் கிரீஸ் தடவிய பாகத்துக்கு இந்தப் பயம் குறைவு.

இதை முதலில் பெரிய அளவில் பிடித்துக்கொண்டவர் ஹென்றி ஃபோர்டு. அவருடைய கம்பெனி 1903-இல் தொடங்கியது. 1908-இல் மாடல் டி வந்தது. 1913-இல் ஓடும் பட்டையில் கார் பூட்டும் முறையைக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் 850 அமெரிக்க டாலர் விற்ற வண்டி, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. எல்லோரும் பட்டையைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று: ஒரு பாகம் எந்த வண்டியிலும் அச்சாகப் பொருந்த வேண்டும் என்ற கட்டுப்பாடு. அரம் வைத்து ராவிப் பொருத்த வேண்டிய பாகமாக இருந்தால், அதை ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வேறு ஆட்கள் பூட்ட முடியாது. எல்லாம் ஒரே அளவு என்று ஆன பிறகுதான் காரைப் பெட்டியில் போட்டு அனுப்புவது சாத்தியமானது.

ஃபோர்டு 1911-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பூட்டத் தொடங்கியது. 1925-இல் ஜப்பானின் யோக்கோஹாமா. 1926-இல் இந்தியா. அதே 1926-இல் சிங்கப்பூர்.

எங்கர் தெருவில் ஒரு கராஜ்

சிங்கப்பூர் அதற்கு முன்பே கார் பார்த்த ஊர்தான். 1896-இலேயே காட்ஸ் பிரதர்ஸ் என்ற கடைக்காரர்கள் ஜெர்மனியின் பென்ஸ் வண்டியை இறக்கினார்கள். பக்லி என்ற வெள்ளைக்கார வழக்கறிஞர் ஓட்டிய பென்ஸுக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர் 'கோப்பி மிஷின்'. அது எழுப்பிய சத்தம் அப்படியாம். ஆனால் அதெல்லாம் பெரிய மனிதர்களின் விளையாட்டுச் சாமான். சாமானியர் கண்ணில் படும் அளவுக்குக் காரைப் பெருக்கியது மாடல் டி காலம்.

'ஃபோர்டு மோட்டார் கம்பெனி ஆஃப் மலாயா' என்ற பெயரில் 1926-இல் பதிவான நிறுவனம், தஞ்சோங் பகார் பக்கம் எங்கர் தெருவில் இருந்த ஒரு கராஜில்தான் தொழிலைத் தொடங்கியது. துறைமுகம் கூப்பிடு தூரம். மலாயா மட்டுமல்லாமல் சயாம், போர்னியோ, டச்சுக்காரர்கள் ஆண்ட இந்தோனேசியத் தீவுகள் எல்லாவற்றுக்கும் ஃபோர்டு வண்டி போக வேண்டிய வாசல் இதுவாக இருந்தது.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. சிங்கப்பூருக்கு வந்த பெட்டிகள் அமெரிக்காவிலிருந்து வரவில்லை, கனடாவிலிருந்து வந்தன. டெட்ராய்ட்டுக்கு எதிரே ஆற்றைக் கடந்தால் கனடாவின் வாக்கர்வில். அங்கே 1904-இல் 'ஃபோர்டு ஆஃப் கனடா' தொடங்கப்பட்டது. பிரிட்டனும் அயர்லாந்தும் நீங்கலாக, பிரிட்டிஷ் பேரரசு முழுவதிலும் ஃபோர்டு விற்கும் உரிமை அதற்கே. காரணம் வரி. பேரரசுக்குள் செய்த பொருளுக்குப் பல காலனிகளில் சலுகை கிடைக்கும். கனடா பேரரசுக்குள் இருக்கும் நாடு, அமெரிக்கா வெளியே போன நாடு. ஆற்றின் எந்தக் கரையில் பாகம் செய்யப்பட்டது என்பதே ஒரு காரின் குலத்தை மாற்றிவிட்டது.

கவனமாகப் படிப்பவர் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். சிங்கப்பூர்தான் கட்டற்ற துறைமுகமாயிற்றே, பெரும்பாலான பொருள்களுக்குச் சுங்க வரியே கிடையாதே, பிறகு இங்கே எதற்குப் பூட்ட வேண்டும்? நியாயமான கேள்வி. 1926-இல் இங்கே பூட்டியதற்கு வரியைவிடக் கப்பல் கூலிதான் பெரிய காரணம். கூடவே, சுற்றியுள்ள ஏழெட்டுச் சந்தைகளுக்கு ஒரே இடத்தில் சரக்கு வைத்துக்கொள்ளும் வசதி. வரிக் காரணம் பின்னால் வரும். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் சிகேடி என்ற முறை மாறாமல் இருக்க, அதைச் செய்வதற்கான காரணம் மட்டும் சிங்கப்பூரில் இரண்டு முறை மாறியிருக்கிறது.

கொஞ்சம் வழி விலகிச் செல்கிறேன், நம் ஆட்களைப் பற்றிய விஷயம் என்பதால். அந்த ஃபோர்டு கார்களின் டயருக்கு ரப்பர் எங்கிருந்து போனது? பெருமளவு மலாயாவிலிருந்துதான். நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் தோட்டத்தில் பால்மரம் வெட்ட, அந்தப் பால் ஷீட்டாகி, சிங்கப்பூர்த் துறைமுகம் வழியாக அமெரிக்க டயர் ஆலைகளுக்குப் போய், சக்கரமாக ஊர் சுற்றியது. 1922-இல் பிரிட்டிஷ் அரசு ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டு விலையை ஏற்றியது. கடுப்பான ஃபோர்டு, தனக்கென ஒரு ரப்பர்த் தோட்டம் போடுகிறேன் என்று பிரேசில் காட்டில் ஃபோர்ட்லாண்டியா என்ற ஊரையே கட்டினார். மரத்துக்கு இலைக் கருகல் நோய், ஆட்களுக்கு அமெரிக்கச் சாப்பாடு பிடிக்காமல் கலகம். 1945-இல் கை கழுவினார்கள். பேரரசுக்குள் நுழைய கனடா என்ற பின்வாசலைக் கண்டுபிடித்தவருக்கு, மலாயா தோட்டத்தைச் சுற்றிப்போக ஒரு வழி கிடைக்கவில்லை.

புக்கிட் தீமா

எங்கர் தெரு போதவில்லை. பெரிய ஆலை கட்ட இடம் தேடி, புக்கிட் தீமா மேட்டுக்குப் போனார்கள். முன்பக்கம் புக்கிட் தீமா சாலை, பக்கத்திலேயே மலாயா ரயில்பாதை. பெட்டி வரவும் வண்டி வடக்கே போகவும் தோதான இடம். எமீல் பிரிசே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வரைபடம் போட்டார். 1941 அக்டோபரில் ஆலை திறந்தது. தென்கிழக்காசியாவின் முதல் கார் பூட்டும் ஆலை என்று அதைச் சொல்வார்கள்.

தேதியைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். அடுத்த இரண்டு மாதத்துக்குள் ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கிவிட்டது.

புத்தம்புதுப் பூட்டுப் பட்டையில் ஃபோர்டு வண்டிகளுக்குப் பதிலாகப் போர் விமானங்கள் ஏறின. அவையும் அமெரிக்காவிலிருந்து பாகம் பாகமாக வந்தவை. பிரிட்டிஷ் விமானப்படை அவற்றை இங்கே பூட்டியது. கார் ஆலைக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பெட்டி பிரித்துச் சரியான வரிசையில் பாகம் கோக்கத் தெரிந்த இடம், தூக்கிப் பிடிக்க எந்திரம் உள்ள இடம் என்று ஊரில் வேறு எது இருந்தது? ஆனால் பூட்டிய விமானங்கள் சிங்கப்பூரைக் காக்கப் பயன்படவில்லை. 1942 ஜனவரி இறுதியில், நிலைமை கைமீறிய பிறகு, அவற்றை வெளியே பறக்கவிட்டு அனுப்பினார்கள்.

1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டின் முதல் நாள். அந்த ஆலையின் கூட்ட அறையில் பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல், ஜப்பானிய ஜெனரல் யமஷிட்டாவிடம் சிங்கப்பூரை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார். ஜப்பானியப் படையின் தலைமையகம் அப்போது அங்கேதான் இருந்தது. இது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை, ஆகவே நீட்டவில்லை.

பலர் கவனிக்காதது அதற்கு அடுத்த பக்கம். ஆக்கிரமிப்புக் காலத்தில் அந்த ஆலையை எடுத்து நடத்தியது நிசான். ஜப்பானிய ராணுவத்துக்கு லாரி பூட்டினார்கள். இதில் உள்ள வேடிக்கையைப் புரிந்துகொள்ள யோக்கோஹாமாவுக்குத் திரும்ப வேண்டும். 1925-இலிருந்து அங்கே ஃபோர்டும், கொஞ்சம் பின்னால் ஒசாக்காவில் ஜெனரல் மோட்டார்ஸும் பெட்டிக் காரைப் பூட்டி ஜப்பானியச் சந்தையையே விழுங்கியிருந்தன. பொறுக்க மாட்டாமல் ஜப்பான் 1936-இல் ஒரு சட்டம் போட்டு, உள்ளூர்க் கம்பெனிகளுக்கு முன்னுரிமை கொடுத்து, அமெரிக்கர்களை நெருக்கி வெளியேற்றியது. அப்படி வளர்த்துவிடப்பட்ட கம்பெனிகளில் ஒன்று நிசான், மற்றொன்று டொயோட்டா. ஆறே வருடத்தில் நிசான் வந்து ஃபோர்டு ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது, துப்பாக்கி முனையில் என்றாலும்.

சிகேடி வழியாக அயல்நாட்டுக் கம்பெனியை உள்ளே விடுவது, அவர்களிடமே தொழில் கற்றுக்கொண்டு நாளைக்கு அவர்களை வெளியே தள்ளுவதற்கும் உதவும். பல அரசாங்கங்கள் இந்த நினைப்பில்தான் பூட்டும் ஆலைகளுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தன. எல்லோருக்கும் அது ஜப்பான்போல் பலிக்கவில்லை.

பிரித்த நாடு, சுருங்கிய சந்தை

போர் முடிந்து, பிரிட்டிஷ் ராணுவம் கொஞ்ச நாள் வைத்திருந்து, 1947-இல் ஆலை ஃபோர்டு கைக்குத் திரும்பியது. அடுத்த முப்பது வருடம்தான் சிங்கப்பூர் பெரியவர்கள் நினைவில் உள்ள காலம். எங்கள் பெரியப்பா ஒரு ஃபோர்டு கார்ட்டினா வைத்திருந்தார். நான் சிறுபிள்ளை. மேல் புக்கிட் தீமா சாலையில் ஆலையைத் தாண்டும்போதெல்லாம் தவறாமல் ஹாரன் அடிப்பார். கேட்டால், "பொறந்த வீட்டுக்கு ஒரு வணக்கம்" என்பார்.

ஃபோர்டு தனியாக இல்லை. மெர்சிடிஸ் விற்ற சைக்கிள் அண்ட் கேரியேஜ் கம்பெனியும் 1960களில் ஹில்வியூ பக்கம் பூட்டும் ஆலை நடத்தியது. பெயரைப் பாருங்கள், சைக்கிள், கேரியேஜ் என்ற குதிரை வண்டி. 1899-இல் கோலாலம்பூரில் சுவா சகோதரர்கள் தொடங்கி, ஜாதிக்காய் முதல் சோப்புவரை விற்ற கடை அது. அப்புறம் சைக்கிள், அப்புறம் கார், 1951-இல் மெர்சிடிஸ் உரிமை.

இந்தக் கட்டத்தில்தான் காரணம் மாறுகிறது. 1963-இல் மலேசியாவோடு இணைந்தபோது சிங்கப்பூர் பெரிய பொதுச் சந்தையை எதிர்பார்த்தது. இங்கே பூட்டி, தீபகற்பம் முழுவதும் விற்கலாம் என்ற கணக்கு. 1965 ஆகஸ்டில் பிரிந்ததும் அந்தக் கணக்கு கடற்பாலத்தோடு நின்றது. மிஞ்சியது சுமார் 19 லட்சம் பேர் உள்ள ஒரு தீவு. மலேசியாவும் சும்மா இருக்கவில்லை. வண்டி வேண்டுமானால் எங்கள் மண்ணில் பூட்டுங்கள் என்று சொல்லி, 1967 முதல் தன் பக்கம் ஆலைகளைக் கொண்டுவந்தது. ஷா ஆலமில் வோல்வோ பூட்டப்பட்டது அப்படித்தான்.

இங்கே வேலை தேடும் இளைஞர்கள் நிறைய. ஆகவே வெளியிலிருந்து முழுதாக வரும் காருக்கு வரி, உள்ளூரில் பூட்டிய காருக்குச் சலுகை என்று வேலி போட்டுத் தொழிலைக் காத்தார்கள். கப்பல் கூலியை மிச்சப்படுத்தப் பிறந்த முறை, இப்போது வரியை மிச்சப்படுத்தும் முறையாக உருமாறியது.

வேலியின் பலம் என்ன என்பதற்கு ஒரு கணக்குப் போடுவோம். இது நானே போடும் பாமரக் கணக்கு, எந்தக் கம்பெனியின் விலையும் அல்ல. முழுக் கார் ஒன்று 10,000 வெள்ளி என்று வையுங்கள். அதையே பெட்டியில் அனுப்பு, டயரும் பேட்டரியும் பெயின்ட்டும் நான் இங்கே வாங்கிக்கொள்கிறேன், கூலியும் நானே கொடுக்கிறேன் என்று கேட்கிறீர்கள். எவ்வளவு குறைப்பார்கள்? இரண்டாயிரமாவது குறையும் என்று ஆசைப்படுவீர்கள். தாய்க் கம்பெனி ஆயிரம்தான் குறைக்கும். ஏனென்றால் அங்கே நாளுக்கு ஆயிரக்கணக்கில் செய்யும் இடத்தில் ஒரு டயரின் விலை அற்பம். அதோடு, பாகங்களைத் தனித்தனியாக எண்ணி, துணி சுற்றி, பெட்டி கட்டுவதற்குத் தனி ஆள் வேண்டும். ஆகப் பெட்டியின் விலை 9,000. இங்கே டயர், பேட்டரி, பெயின்ட், கூலி எல்லாம் சேர்ந்து 1,800 என்றால், உள்ளூர் கார் 10,800-இல் வந்து நிற்கும். முழுதாக வந்ததைவிட 800 வெள்ளி அதிகம்!

இப்போது முழுக் காருக்கு 30 சதவீதம் வரி போடுங்கள். அது 13,000 ஆகிவிடும். 10,800-க்கு உள்ளூர் கார் லாபமாகத் தெரியும். வரியை எடுத்துவிட்டால் பழையபடி 800 வெள்ளி நஷ்டம். இடையில் உள்ள வித்தியாசத்தைச் சுமப்பது கார் வாங்குபவர்.

இதைச் சரிக்கட்ட ஒரே வழி, நிறையப் பூட்டுவது. வெல்டிங் ஜிக், பெயின்ட் குளியல் தொட்டி எல்லாம் வருடத்துக்கு ஐந்நூறு வண்டிக்கும் ஒரே விலை, ஐம்பதாயிரம் வண்டிக்கும் ஏறக்குறைய அதே விலை. சிறு தீவில் பல ஆலைகள், ஒவ்வோர் ஆலையிலும் பல மாடல்கள், ஒவ்வொரு மாடலிலும் சில நூறு வண்டிகள். எங்கிருந்து கட்டுப்படியாகும்? இதே நேரத்தில் காரை ஓட்டி ஏற்றி, ஓட்டி இறக்கும் பெரிய கப்பல்கள் ஜப்பானிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டன. காற்றுக்குக் கொடுத்த கூலியும் குறைந்துபோனது. சிகேடியின் முதல் காரணமும் அதோடு வலுவிழந்தது.

இன்னொரு முரண்பாடும் இருந்தது, எனக்கு இதுதான் சுவாரசியம். ஒரு கையால் கார் ஆலைகளைக் காத்த அரசாங்கம், மறு கையால் கார்களைக் குறைக்கப் பாடுபட்டது. காரின் மேல் கூடுதல் பதிவுக் கட்டணம் வந்தது. 1975 ஜூனில் நகர மையத்துக்குள் காலையில் காரோடு நுழைய நாளுக்கு 3 வெள்ளி என்ற திட்டம் வந்தது. சாலையில் கார் குறைய வேண்டும், ஆலையில் கார் பெருக வேண்டும் என்றால் இரண்டில் ஒன்று தோற்றாக வேண்டும்.

1970களின் இறுதியில் வேலையில்லாத் திண்டாட்டம் போய் ஆள் பற்றாக்குறை வந்துவிட்டது. 1979 முதல் சம்பளத்தை வேண்டுமென்றே உயர்த்தி, மலிவு உழைப்புத் தொழில்களை விட்டுவிட்டு நுட்பமான தொழில்களுக்குப் போகத் தீர்மானித்தார்கள். கார் ஆலைகளைச் சுற்றியிருந்த வரி வேலி அகற்றப்பட்டது. 1980 ஜூனில் ஃபோர்டு ஆலை மூடியது. மற்ற ஆலைகளும் அதே காலத்தில் பூட்டுவதை நிறுத்தின. பூட்டிய இடத்தை மூடினாலும் ஃபோர்டு கார் இங்கே விற்பனையில் தொடர்ந்தது, முழுவண்டியாக.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது மறைமலை நகரை நினைவூட்டலாம். அங்கே 1990களில் வந்த ஃபோர்டு, உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோரைப் பார்த்திருக்கிறேன். ஒன்றல்ல. அங்கே பெரிய சந்தையும் இருந்தது, எஞ்சின் செய்யும் ஆலையும் இருந்தது, விற்பனைதான் போதவில்லை. இங்கே சந்தையே சின்னது, வேலி போனதும் நிற்க வேறு கால் இல்லை.

ஜூரோங்கில் மறுபடியும்

நாற்பது வருடத்துக்கு மேல் சிங்கப்பூரில் யாரும் கார் பூட்டவில்லை. 2023 நவம்பரில், ஜூரோங்கில் ஹூண்டாய் ஓர் ஏழு மாடிக் கட்டடத்தைத் திறந்தது. ஐயோனிக் 5 என்ற மின்காரை அங்கே பூட்டுகிறார்கள். கூரையில் 620 மீட்டர் ஓட்டப்பாதை, பூட்டிய வண்டியை அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். வருடத்துக்கு 30,000 வண்டி வரை செய்யலாம் என்பது அவர்கள் சொல்லும் கொள்ளளவு. கார் ஆலைகளின் கணக்கில் அது மிகச் சிறியது.

வரிச் சலுகைக்காகவா வந்தார்கள்? இல்லை, அப்படி ஒரு சலுகையே இப்போது கிடையாது. கப்பல் கூலிக்காகவா? அதுவும் இல்லை. இங்கே நீண்ட பட்டையும் கிடையாது. சிறு சிறு கூடுகளில் வண்டியை நிறுத்தி, ரோபோக்கள் பாகம் கொண்டுவந்து கொடுக்க, ஆட்களும் எந்திரமுமாகப் பூட்டுகிறார்கள். ஒரு கூட்டில் ஒரு மாடல், பக்கத்துக் கூட்டில் வேறு மாடல் செய்யலாம். பல மாடல், குறைந்த எண்ணிக்கை என்பதுதானே எழுபதுகளில் இந்த ஊர் ஆலைகளைச் சாய்த்தது? அந்தச் சிக்கலையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு, இங்கே பழகிப் பார்த்துவிட்டு மற்ற நாட்டு ஆலைகளுக்குக் கொண்டுபோவது அவர்கள் திட்டம். கப்பல், வரி, இப்போது சோதனைக்கூடம். மூன்றாவது காரணம் எவ்வளவு காலம் தாங்கும் என்று போகப் போகத்தான் தெரியும். எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு, சோதனைக்கூடத்தை இடம் மாற்றுவது ஆலையை இடம் மாற்றுவதைவிடச் சுலபம்.

பழைய ஃபோர்டு ஆலையைப் பார்க்க விரும்பினால் ஹியூம் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடக்கலாம். முன்கட்டடம் 2006-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, இப்போது ஜப்பானியர் காலக் காட்சிக்கூடமாக இருக்கிறது. வண்டி பூட்டிய பின்பகுதி இடிக்கப்பட்டு, கொண்டோ வந்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் சரணடைந்த அறையைத்தான் தேடிப் போகிறார்கள். நானும் அக்கா மகனும்கூட அப்படித்தான் போனோம்.

வெளியே வந்ததும் அவனுடைய கவலை வேறாக இருந்தது.

"மாமா, ஜூரோங்ல பூட்டின வண்டின்னா விலை குறையுமா?"

குறையாது என்று விளக்கினேன். சுங்க வரி என்பது எல்லை தாண்டி வரும் பொருளுக்கு. கலால் வரி என்பது உள்ளே செய்தாலும் வெளியிலிருந்து வந்தாலும் ஒரே மாதிரி. சிங்கப்பூரில் காருக்கு வாங்குவது கலால் வரி, வண்டியின் அடக்க மதிப்பில் 20 சதவீதம். அதற்கு மேல் கூடுதல் பதிவுக் கட்டணம், முதல் 20,000 வெள்ளி மதிப்புக்கே நூறு சதவீதம், அதைத் தாண்டினால் இன்னும் கூடும். ஜூரோங்கில் பிறந்தாலும் ஜப்பானில் பிறந்தாலும் இதில் பாகுபாடு இல்லை.

"சிஓஇ?" கார் வைத்துக்கொள்ள வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழைக் கேட்டான்.

"அதுவும் உண்டு. பத்து வருசத்துக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தான். பிறகு, கீலுக்கு ஒரு ஸ்குரூ வாங்கணும், பக்கத்தில் ஏதாவது ஹார்ட்வேர் கடை இருக்கா என்று கேட்டான்.